38 கணினிகளின் உள்ளே என்ன இருக்கிறது? வன்பொருள், மென்பொருள் பட்டியல் எடுக்க எந்தக் கருவி சரி?

கணினி டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். தென்காசிப் பக்கம் ஓர் உதவிபெறும் மேல்நிலைப் பள்ளியில் கணினி ஆசிரியையாக இருக்கிறேன். ஆய்வகத்தில் 34, அலுவலகத்தில் 4, ஆக மொத்தம் 38 கணினிகள் என் பொறுப்பு. இவற்றுக்கு ஒழுங்கான பட்டியல் என்று எதுவும் இல்லை. இருப்புப் பதிவேட்டில் "கம்ப்யூட்டர் செட் 12" என்று 2015-ல் ஒரு வரி, 2017-ல் "8", 2019-ல் "14". அவ்வளவுதான். உள்ளே எந்த பிராசசர், எத்தனை ஜிபி ராம், என்ன ஹார்ட் டிஸ்க் என்று ஒரு எழுத்து இல்லை.

இப்போது இது தேவைப்படுவதற்கு இரண்டு காரணங்கள். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. எந்தக் கணினி விண்டோஸ் 11-க்குப் போகும், எது போகாது என்று நிர்வாகம் கேட்கிறது.

இரண்டாவதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. கோடை விடுமுறையில் 2015-ல் வாங்கிய 8 கணினிகளைப் பழுது பார்க்க வெளியே கொடுத்தோம். திரும்பி வந்ததிலிருந்து சில கணினிகள் நகரவே மாட்டேன் என்கின்றன. ஒன்றில் பார்த்தால் ராம் 2 ஜிபி. முன்பு 4 இருந்ததாக எனக்கு நினைவு. ஆனால் நினைவை வைத்து யாரிடம் போய்க் கேட்பது? கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. பிள்ளைகள் பயன்படுத்தும் பொருள். என் கவனக்குறைவால் போயிற்றோ என்று மனது உறுத்துகிறது.

இனி இப்படி நடக்கக் கூடாது. எல்லாக் கணினிகளின் உள்விவரத்தையும், பதிந்துள்ள மென்பொருள்களையும் எடுத்து வைக்க நல்ல கருவி சொல்லுங்கள். செலவு இல்லாததாக இருந்தால் நல்லது.

சர்வீஸ் மதுரை எழுதியது:

டீச்சர், முதலில் மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். 20 வருடமாகக் கணினி பழுது பார்க்கிறேன். உள்ளே இருப்பதைக் குறித்துக்கொண்டு கொடுக்கும் பள்ளிகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

கருவி எதுவும் இறக்காமலேயே இன்றைக்கே பார்க்க ஒரு வழி இருக்கிறது. விண்டோஸ் 10-ல் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைத் தொடுங்கள். மொத்த அளவோடு, எத்தனை இடத்தில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்றும் காட்டும். "2-ல் 1" என்று வந்தால் ராம் பட்டை மாட்டும் ஓர் இடம் காலியாக இருக்கிறது. பழுதுக்குப் போகாத 4 கணினிகளையும் அதே மாதிரி பாருங்கள். ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கிய 12-ல் நான்கு ஒரு மாதிரியும் எட்டு வேறு மாதிரியும் இருந்தால் விஷயம் அங்கேயே தெரிந்துவிடும்.

அப்புறம், ரன் பெட்டியில் எம்எஸ்இன்ஃபோ32 என்று தட்டினால் விண்டோஸே முழு அறிக்கை தரும். கோப்பாகச் சேமிக்கலாம். ஆனால் ராம் பட்டையின் வரிசை எண் அதில் வராது. அதற்கு எச்டபிள்யூஇன்ஃபோ நல்லது. ஒவ்வொரு பட்டையும் யார் செய்தது, எந்த மாதிரி எண், எந்த வாரம் செய்தது என்பது வரை படித்துக் காட்டும், நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே ஓடும். பிராசசரையும் மதர்போர்டையும் மட்டும் சட்டென்று பார்க்க சிபியு-இசட் போதும். ஹார்ட் டிஸ்க்குக்கு கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ.

எந்தக் கருவி சொன்னாலும் நாலைந்து பெட்டிகளையாவது திறந்து கண்ணால் பாருங்கள். மென்பொருள் சொல்வதும் ஒட்டியிருக்கும் லேபிளும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தால்தான் மீதிப் பட்டியலை நம்பலாம்.

புதிய பயனர் எழுதியது:

பெலார்க் அட்வைசர் போடுங்க மேடம். ஒரு கிளிக்தான், ஹார்ட்வேர், சாஃப்ட்வேர், லைசன்ஸ் கீ எல்லாம் ஒரே பக்கத்தில் பிரவுசரில் வந்துவிடும். என் லேப்டாப்பில் வைத்திருக்கிறேன், அருமை. ஐடா64-ம் சூப்பர், கிராக் வெர்ஷன் நெட்டில் கிடைக்கும்.

கோவை அட்மின் எழுதியது:

தம்பி, சொந்த மடிக்கணினிக்கு பெலார்க் நல்ல கருவிதான். அறிக்கையை வெளியே அனுப்பாமல் உங்கள் கணினியிலேயே வைத்துக்கொள்ளும். ஆனால் அதன் இலவச உரிமம் தனிநபர் பயன்பாட்டுக்கு மட்டும். அலுவலகம், கல்வி நிறுவனம், அரசு, ராணுவம் ஆகிய இடங்களில் பயன்படுத்தக் கூடாது என்று உரிமத்திலேயே எழுதியிருக்கிறார்கள். டீச்சர் பள்ளியில் அதைப் போட முடியாது. எந்த மென்பொருளுக்கு உரிமம் இருக்கிறது என்று கணக்கெடுக்கக் கிளம்பும்போதே ஓர் உரிமத்தை மீறினால் அந்தக் கணக்குக்கு என்ன மதிப்பு?

கிராக் ஐடா64 பற்றியும் சொல்லிவிடுகிறேன், வேண்டவே வேண்டாம். இந்தக் கருவிகள் நிர்வாகி அனுமதியோடு கணினியின் அடிவரை போய்ப் படிப்பவை. யாரோ உடைத்துத் திருத்திய கோப்புக்கு அந்த அனுமதியைக் கொடுப்பது, வீட்டுச் சாவிக்கொத்தை முகம் தெரியாதவன் கையில் கொடுப்பது மாதிரி. ஐடா64-ன் முன்னோடி ஐடா32 இலவசமாகத்தான் இருந்தது, 2004-ல் நின்றது. அப்புறம் எவரெஸ்ட் என்ற பெயரில் வந்தது, 2010 முதல் ஐடா64. அந்தப் பழைய இலவசப் பதிப்புகளை இன்னும் சில தளங்கள் வைத்திருக்கின்றன, அவற்றுக்கு இன்றைய பிராசசர்கள் எதுவும் தெரியாது.

டீச்சருக்கு என் யோசனை: 38 என்பது கையால் செய்யும் எண்ணிக்கை இல்லை. ஜிஎல்பிஐ அல்லது ஓசிஎஸ் இன்வென்டரி என்று ஒரு சர்வர் போடுங்கள். இரண்டும் பிரான்சில் தொடங்கிய திறமூல மென்பொருள்கள், காசு கிடையாது. ஒவ்வொரு கணினியிலும் ஏஜென்ட் என்ற சிறு மென்பொருளை நிறுவினால் அதுவே விவரத்தைச் சர்வருக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். ஒரு ராம் பட்டை குறைந்தால் அடுத்த அறிக்கையில் மாற்றமாக வந்து நிற்கும். எங்கள் கல்லூரியில் ஆறு வருடமாக இப்படித்தான்.

கணினி டீச்சர் எழுதியது:

நன்றி சார். சர்வர் போட எங்களிடம் தனிக் கணினி இல்லை. ஆய்வகத்திலும் 14 கணினிகளுக்குத்தான் நெட்வொர்க் இணைப்பு வேலை செய்கிறது, மீதிக்கு சுவிட்ச் போய் ஒரு வருடம் ஆகிறது. அலுவலகத்தில் இரண்டு இன்னும் விண்டோஸ் 7-லேயே ஓடுகின்றன. பென்டிரைவைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போவதுதான் எனக்கு முடிந்தது.

மதுரை அண்ணா சொன்னபடி டாஸ்க் மேனேஜரில் பார்த்தேன். பழுதுக்குப் போகாத நான்கிலும் "2-ல் 2". போய்வந்த எட்டில் ஐந்தில் "2-ல் 1". கை நடுங்கிவிட்டது.

யாழ் வலை எழுதியது:

வணக்கம். யாழ்ப்பாணத்தில் ஒரு நூலகத்துக்கு இதே வேலையைச் செய்து கொடுத்தனான். கோவை அண்ணா சொல்வதும் சரி, உங்களுடைய நிலைமையும் சரி. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. ஜிஎல்பிஐ ஏஜென்ட்டை சர்வர் இல்லாமலும் பாவிக்கலாம். நிறுவத் தேவையில்லாத பொதியாகவும் கிடைக்கும். பென்டிரைவில் வைத்து ஓட்டி, விவரத்தை உள்ளூர்க் கோப்பாக எழுதச் சொன்னால் எழுதிவிடும். பின்னொரு நாள் சர்வர் அமைந்தால் அந்தக் கோப்புகளை அப்படியே உள்ளே ஏற்றலாம். இன்று செய்த வேலை வீண் போகாது.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். உங்களிடம் உதிரிப் பாகம் வாங்கிப் பூட்டிய கணினிகள் இருக்கும்போல் விளங்குகிறது. பிராண்ட் கணினிகளில் தயாரிப்பாளரே வரிசை எண்ணை பயாஸில் (கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) எழுதி அனுப்புவார். பூட்டிய கணினிகளில் அந்த இடத்தை ஒருவரும் நிரப்புவதில்லை. வரிசை எண் எங்கே என்று பார்த்தால் "தயாரிப்பாளர் நிரப்ப வேண்டியது" என்ற பொருளில் ஓர் ஆங்கில வாசகம்தான் வந்து நிற்கும். கணினியின் தனித்துவ அடையாள எண்ணும் அப்படித்தான். 03000200-0400-0500-0006-000700080009 என்று ஓர் எண் வந்தால் அது உங்கள் கணினியினுடைய எண் அல்ல, மதர்போர்டில் மாற்றாமல் விட்ட வெற்று எண். உலகத்தில் கணக்கற்ற கணினிகளுக்கு அதே எண்தான். நூலகத்தில் 11 கணினிகள் பட்டியலில் ஒரே கணினியாக ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. ஒரு நாள் முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்டு பிறகுதான் கண்டுபிடித்தோம்.

ஆகையால் பெட்டியில் நீங்களே ஓர் எண் எழுதி ஒட்டுங்கள். அந்த எண்ணையே கணினியின் பெயராகவும் வையுங்கள். நெட்வொர்க் கார்டின் மேக் முகவரி என்ற அடையாள எண்ணையும் சேர்த்து எடுத்தால் குழப்பம் வராது.

லினக்ஸ் வழி எழுதியது:

இன்னொரு பாதையும் உண்டு. நிறுவாமலே ஓடும் லினக்ஸ் லைவ் பென்டிரைவ் ஒன்று செய்து அதிலிருந்து கணினியை எழுப்புங்கள். விண்டோஸ் 7, 10, கடவுச்சொல் மறந்தது, பூட் ஆகாதது, எதுவானாலும் கவலை இல்லை. டெர்மினலில் இன்க்ஸி ஒரு பக்கச் சுருக்கம் தரும். எல்எஸ்எச்டபிள்யூ முழு விவரத்தையும் வலைப்பக்கமாகவே எழுதித் தரும். டிஎம்ஐடிகோட் ஒவ்வொரு ராம் இடத்தையும், காலியாக இருப்பதையும் சேர்த்து வரிசை எண்ணோடு பட்டியலிடும். விண்டோஸில் ஒன்றையும் தொட வேண்டாம் என்பது இதில் பெரிய வசதி.

குறை என்னவென்றால் விண்டோஸில் பதிந்துள்ள மென்பொருள் பட்டியல் இதில் கிடைக்காது. டிஎம்ஐடிகோட் சொல்வதும் பயாஸ் எழுதி வைத்த அட்டவணையைப் படித்துத்தான், வன்பொருளை நேராகத் தொட்டுப் பார்த்து அல்ல. யாழ் நண்பர் சொன்ன வெற்று எண் பிரச்சினை இங்கேயும் அப்படியே வரும். மலிவான ராம் பட்டைகள் சிலவற்றில் வரிசை எண் வெறும் பூஜ்யமாகவே இருக்கும். அப்படி வந்தால் பெட்டியைத் திறந்து லேபிளைப் படம் எடுப்பது ஒன்றே வழி.

கோவை அட்மின் எழுதியது:

சரி டீச்சர், சர்வர் யோசனையை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன். உங்கள் நிலைமையில் பென்டிரைவ்தான் நடக்கும். நேற்று இரவு உட்கார்ந்து விண்டோஸ் கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஒரு பவர்ஷெல் கோப்பு எழுதினேன், இணைத்திருக்கிறேன். கூடவே ஒரு பேட்ச் கோப்பும் இருக்கிறது, அதை நிர்வாகியாக ஓட்டினால் போதும். பெட்டி எண் என்ன என்று கேட்கும், நீங்கள் ஒட்டிய எண்ணைத் தட்டுங்கள். அந்தப் பெயரில் பென்டிரைவில் ஒரு கோப்புறை உருவாகி விவரங்கள் சிஎஸ்வி கோப்புகளாக விழும். எக்செலில் திறக்கலாம்.

உள்ளே என்ன செய்திருக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன், புரியாமல் எதையும் ஓட்டக் கூடாது. விண்டோஸுக்குள் டபிள்யூஎம்ஐ என்று ஒரு தகவல் அடுக்கு இருக்கிறது. நாம் பேசும் விண்டோஸ் கருவிகள் சிலவும் அங்கே போய்த்தான் பாதி விவரத்தைக் கேட்கின்றன. கணினியின் மாதிரி, பயாஸ் பதிப்பு, பிராசசர், ஒவ்வொரு ராம் பட்டையின் தயாரிப்பாளர், மாதிரி எண், வரிசை எண், வேகம், ஹார்ட் டிஸ்க்கின் வரிசை எண், நெட்வொர்க் கார்டின் மேக், மானிட்டரின் வரிசை எண் எல்லாம் அங்கிருந்தே எடுத்திருக்கிறேன். மானிட்டர் எண்ணைப் பலர் விட்டுவிடுவார்கள். மாற்றி வைத்தால் கண்டுபிடிக்க அது ஒன்றுதான் பிடி.

பழைய ஆட்கள் பயன்படுத்திய டபிள்யூஎம்ஐசி கட்டளையை நான் தொடவில்லை. அதை மைக்ரோசாஃப்ட் கைவிட்டுவிட்டது, விண்டோஸ் 11-ன் புதிய பதிப்புகளில் அது தானாக இருக்காது. பவர்ஷெல்லில் இதற்கென்று வந்த புதிய கட்டளை விண்டோஸ் 7-ல் இருக்கும் பவர்ஷெல் 2-ல் கிடையாது. அதனால் உங்கள் இரண்டு பழைய கணினிகளையும் நினைத்து, கோப்பு எந்தப் பதிப்பில் ஓடுகிறது என்று பார்த்து அதற்கேற்ற கட்டளையை எடுத்துக்கொள்ளும்படி எழுதியிருக்கிறேன்.

மென்பொருள் பட்டியலில் ஒரு குழி இருக்கிறது, பலர் விழுந்தது. இணையத்தில் தேடினால் வின்32-புராடக்ட் என்ற வகுப்பைக் கேள் என்று முதலில் வரும். கேட்காதீர்கள். அது பட்டியல் மட்டும் தருவதில்லை. எம்எஸ்ஐ என்ற விண்டோஸ் நிறுவி வழியாகப் பதிந்த ஒவ்வொரு மென்பொருளையும் சரியாக இருக்கிறதா என்று சோதித்து, சில நேரம் பழுதுபார்க்கவும் தொடங்கிவிடும். பழைய கணினியில் பத்து நிமிடம் திணறும். பாதி மென்பொருள்கள் அதில் வரவும் வராது. நான் விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் அன்இன்ஸ்டால் பகுதியைப் படிக்கிறேன். 64 பிட்டுக்கு ஓரிடம், 32 பிட்டுக்கு ஓரிடம், தனிப் பயனருக்கு ஓரிடம் என்று மூன்று இடம். மூன்றையும் படித்தால்தான் பட்டியல் முழுமை.

அறிக்கையைப் பொதுவில் எங்கும் ஏற்றாதீர்கள். வரிசை எண்ணும் மேக் முகவரியும் ஊருக்குத் தெரிய வேண்டியவை அல்ல.

தணிக்கைக் கணக்கு எழுதியது:

நான் கணக்குத் தணிக்கை பக்கம். டீச்சரின் பதிவைப் படித்ததும் ஒன்று சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

கருவி எதுவாக இருந்தாலும், கணினிக்குள்ளேயே கிடக்கும் அறிக்கை அந்தக் கணினியோடு போய்விடும். அச்செடுத்து, தேதி போட்டு, பொறுப்பாசிரியரும் தலைமையாசிரியரும் கையெழுத்திட்டுக் கோப்பில் வையுங்கள். எல்லா விவரமும் தேவையில்லை. கணினிக்கு ஒரு பக்கம் போதும்: பெட்டி எண், வாங்கிய ஆண்டு, பில் எண், பிராசசர், மதர்போர்டு, ராம் பட்டைகளின் எண்கள், டிஸ்க்கின் எண், மானிட்டரின் எண். வெளியே போகும்போது அந்தப் பக்கத்தின் நகலில் எடுத்துச் செல்பவர் கையெழுத்து. திரும்பும்போது மறுபடி அறிக்கை எடுத்து ஒப்பிட்டு, அதன் பிறகே பில்லுக்குப் பணம்.

ராம் விஷயத்தில் அவசரப்பட்டு யார்மேலும் பழி சொல்லிவிடாதீர்கள். 2015-ல் வாங்கியபோது விலைப்புள்ளி கேட்டிருப்பீர்கள், விநியோக ஆணை கொடுத்திருப்பீர்கள். பில்லில் "செட்" என்று மட்டும் இருந்தாலும் விலைப்புள்ளியில் கட்டாயம் உள்விவரம் இருக்கும். அலுவலகத்தில் அந்த ஆண்டுக் கோப்பைத் தேடச் சொல்லுங்கள். அந்தக் காகிதம் கிடைத்தால் அது ஒரு சான்று. பழுதுக்குப் போகாத நான்கு கணினிகளும் அதோடு ஒத்துப்போனால் இரண்டாவது சான்று. இந்த இரண்டோடு போய் அமைதியாகப் பேசுங்கள்.

கணினி டீச்சர் எழுதியது:

மூன்று நாள் மாலை பள்ளி விட்டதும் இருந்து 38-ஐயும் முடித்துவிட்டேன். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேர் உதவினார்கள். ஒருவர் எண் ஒட்ட, ஒருவர் பெட்டியின் பக்கவாட்டைத் திறக்க, ஒருவர் படம் எடுக்க, ஒருவர் கோப்பு விழுந்ததா என்று பார்க்க. ராம் பட்டையை முதல் தடவை கையில் பிடித்துப் பார்த்தார்கள், புத்தகத்தில் படம் பார்த்ததோடு சரி. கணினிக்கு ஏறக்குறைய ஆறு நிமிடம் ஆனது.

யாழ் நண்பர் சொன்னது அப்படியே நடந்தது. 2015, 2017-ல் வாங்கிய 20-லும் வரிசை எண் இருக்க வேண்டிய இடத்தில் அந்த ஆங்கில வாசகம்தான். பெட்டியில் எண் ஒட்டியிராவிட்டால் எந்த அறிக்கை எந்தக் கணினியுடையது என்றே தெரிந்திருக்காது.

விண்டோஸ் 11 கணக்கு. 2015 கணினிகள் ஐ3-4130, நான்காம் தலைமுறை, வழியே இல்லை. 2017-ல் வாங்கிய எட்டும் ஐ3-7100. 2019-ல் வாங்கிய பிராண்ட் கணினிகள் ஐ3-8100. பெயரைப் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கிறது, ஆனால் இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் பொதுவாக ஏற்கிறார்கள் என்பதால் 7100 வெளியே, 8100 உள்ளே. இப்படி நான்கு இலக்கமாக இருந்தால் கோட்டுக்குப் பிறகு வரும் முதல் இலக்கம்தான் தலைமுறை என்பதை இப்போது பிள்ளைகளே சொல்கிறார்கள்.

அந்த 14-லும் மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் ஒன்பதுக்கு "முடியாது" என்றது. மனம் விட்டுப்போயிற்று. பிறகு காரணத்தைப் படித்தால் விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லை என்கிறது. ஒரே மாதிரி கணினிகளில் ஐந்தில் இருக்கிறது, ஒன்பதில் எப்படி இல்லாமல் போகும்? பயாஸுக்குள் போய்ப் பார்த்தேன், அந்த டிபிஎம் வேலையைச் செய்யும் இன்டெல் பிடிடி என்ற அமைப்பு அணைத்து வைக்கப்பட்டிருந்தது. போட்டதும் ஒன்பதும் சரியாகிவிட்டன. அலுவலகத்தில் ஒன்று பத்தாம் தலைமுறை. ஆக 15 போகும், 23 போகாது.

ராம். பழுதுக்குப் போகாத நான்கிலும் இரண்டிரண்டு பட்டை, ஒவ்வொன்றும் 2 ஜிபி, ஒரே தயாரிப்பு, ஒரே மாதிரி எண். போய்வந்த ஐந்தில் அதே தயாரிப்பு ஒரு பட்டை, பக்கத்து இடம் காலி. தணிக்கை சார் சொன்ன கோப்பையும் அலுவலக உதவியாளர் பீரோவிலிருந்து தேடி எடுத்துவிட்டார். விலைப்புள்ளியில் "4 ஜிபி டிடிஆர்3" என்று தெளிவாக இருக்கிறது. என் நினைவு பொய்யில்லை.

ஹார்ட் டிஸ்க்கில் ஒரு சந்தேகம். 7-ஆம் எண் கணினியில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை காட்டுகிறது. ஓடிய நேரம் 31,000 மணிக்கு மேல் என்கிறது. மற்றவற்றில் ஏழாயிரம், ஒன்பதாயிரம் என்றுதான் இருக்கிறது. இது எதனால்?

சர்வீஸ் மதுரை எழுதியது:

டீச்சர், கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம், வருடத்துக்கு 200 பள்ளி நாள் என்றால் ஆயிரம் மணி. 2015-லிருந்து ஓடினாலும் பத்தாயிரத்தைச் சுற்றித்தான் வரும். மற்ற கணினிகள் அப்படித்தான் காட்டுகின்றன. முப்பத்தோராயிரம் மணி என்பது இடைவிடாமல் மூன்றரை வருடம் ஓடிய டிஸ்க். அது உங்கள் ஆய்வகத்தில் பிறந்து வளர்ந்தது இல்லை. கேமரா பதிவுப் பெட்டியிலோ இரவு பகல் ஓடிய வேறு கணினியிலோ இருந்து வந்திருக்க வேண்டும். அந்தக் கணினியும் பழுதுக்குப் போய் வந்ததா? டிஸ்க்கின் மேல் லேபிளில் தயாரித்த தேதி இருக்கும், 2015-க்குப் பிந்தியதாக இருந்தால் சந்தேகமே இல்லை.

மஞ்சள் எச்சரிக்கை எந்த வரியில் என்று பாருங்கள். 05 என்றால் கெட்டுப்போன பகுதிகளுக்குப் பதிலாக வேறு இடத்தை ஒதுக்கிவிட்டது. சி5 என்றால் படிக்க முடியாத பகுதிகள் முடிவு தெரியாமல் காத்திருக்கின்றன. எதுவானாலும் அதில் இருப்பதை இன்றே வேறிடத்தில் நகல் எடுத்துவிடுங்கள்.

எங்கள் தொழிலில் இப்படிச் செய்பவர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்கு வேதனையாக இருக்கிறது. ஒழுங்காகப் பார்க்கிறவன் கேஸைத் திறப்பதற்கு முன்பு உங்கள் முன்னாலேயே எண்களைக் குறித்துக் கொடுப்பான். நானும் இனி எல்லாப் பள்ளிக்கும் அப்படியே செய்யப்போகிறேன்.

வினாத்தாள் தட்டச்சு எழுதியது:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். 15 கணினிகளில் விண்டோஸை மாற்றப்போகிறீர்கள் என்பதால் சொல்கிறேன். மென்பொருள் பட்டியலில் எழுத்துருக்கள் வராது!

எங்கள் பள்ளியில் பட்ட பாடு இது. புதிதாக விண்டோஸ் போட்டுவிட்டு அரையாண்டு வினாத்தாளைத் திறந்தால் தமிழ் முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பையாக நிற்கிறது. பழைய வினாத்தாள்கள் பாமினியிலும் வானவில் அவ்வையாரிலும் அடித்தவை. அவை யூனிகோடு அல்ல. அந்த எழுத்துரு கணினியில் இருந்தால்தான் தமிழாகத் தெரியும். பத்து வருட வினாத்தாள் எங்களிடம் இருந்தும் இல்லாத மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டுக் கணினியிலிருந்து எடுத்து வந்தோம்.

விண்டோஸ் கோப்புறைக்குள் ஃபான்ட்ஸ் என்ற இடத்தின் பட்டியலையும் எடுத்து வையுங்கள். விண்டோஸ் 10-ல் தனிப் பயனருக்கு மட்டும் நிறுவிய எழுத்துருக்கள் வேறிடத்தில், அந்தப் பயனரின் ஆப்டேட்டா கோப்புறைக்குள் போய் உட்கார்ந்திருக்கும். அதையும் மறக்க வேண்டாம். என்எச்எம் ரைட்டர், அழகி மாதிரி எதில் அடிக்கிறார்கள், எந்த விசைப்பலகை என்பதையும் அலுவலகத்தில் தட்டச்சு செய்பவரிடம் நேரில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர் கை பழகியது எது என்பதை எந்தக் கருவியும் சொல்லாது.

கோவை அட்மின் எழுதியது:

இது என் மூளையிலேயே வரவில்லை. கோப்பில் எழுத்துருப் பட்டியலையும் சேர்த்துப் புதிய பதிப்பை ஏற்றிவிட்டேன். நிறுவாமல் நேரடியாக ஓடும் மென்பொருள்களும் ரெஜிஸ்ட்ரியில் வராது. அதற்காக டெஸ்க்டாப்பில் உள்ள ஷார்ட்கட்கள் எங்கே போகின்றன என்பதையும் எழுதும்படி செய்திருக்கிறேன்.

லினக்ஸ் வழி எழுதியது:

மீதி 23-ஐ ஓரங்கட்டிவிடாதீர்கள் டீச்சர். ஐ3-7100 உள்ள எட்டும் நல்ல கணினிகள். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் வேகமான எஸ்எஸ்டி ஒன்றை மாட்டி லினக்ஸ் போட்டால் பிள்ளைகளுக்குப் பைதானும் சி++-ம் படிக்கத் தாராளம். விண்டோஸ்தான் வேண்டும் என்றால் கல்வி நிறுவனங்களுக்கு விண்டோஸ் 10 பாதுகாப்பு நீட்டிப்பு ஒரு கணினிக்கு முதல் ஆண்டு 1 டாலர், அடுத்து 2, அதற்கடுத்து 4 என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. அது நிறுவன உரிமம் வழியாகத்தான் கிடைக்கும். நிர்வாகத்திடம் இரண்டையும் வையுங்கள். 2015 கணினிகளில் ராம் திரும்பி வந்த பிறகு எடை குறைந்த லினக்ஸ் எதையாவது முயன்று பார்க்கலாம், நான் உதவுகிறேன்.

கணினி டீச்சர் எழுதியது:

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். எழுத்துருப் பட்டியல் எடுத்தபோது அலுவலகத்தின் பழைய விண்டோஸ் 7 கணினி ஒன்றில் மட்டும் ஒரு பழைய தமிழ் எழுத்துரு இருந்தது. 2009-லிருந்து மாற்றுச் சான்றிதழ் படிவம் அதில்தான் இருக்கிறது. இரண்டு இடத்தில் நகல் எடுத்துவிட்டேன். அந்தக் கணினியை அடுத்த மாதம் கழித்துவிடுவதாக இருந்தோம்.

7-ஆம் எண் கணினியும் பழுதுக்குப் போய் வந்ததுதான். டிஸ்க்கின் லேபிளில் 2016 என்று இருக்கிறது. தாளாளரும் தலைமையாசிரியரும் விலைப்புள்ளி, 12 கணினிகளின் அறிக்கை, படங்கள் மூன்றையும் வைத்துப் பழுது பார்த்தவர்களிடம் பேசினார்கள். ஐந்து பட்டைகளையும் தந்துவிடுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், இரண்டு வந்துவிட்டன. டிஸ்க் பற்றி இன்னும் பேச்சு நடக்கிறது. வந்த இரண்டையும் மாட்டி அறிக்கை எடுத்துப் பார்த்தோம், வேறு தயாரிப்பு, ஆனால் 2 ஜிபி சரியாக இருக்கிறது. பதிவேட்டில் புதிய எண்களை எழுதிவிட்டேன்.

நேற்று 22-ஆம் எண் கணினியின் பவர் சப்ளை போய்விட்டது. இந்த முறை வேறு ஒருவரை வரச்சொன்னோம். பெட்டியை அவர் தூக்குவதற்கு முன்பு அந்தக் கணினியின் விவரப் பக்கத்தை நீட்டினேன். நின்று நிதானமாக ராம் எண் இரண்டையும் டிஸ்க் எண்ணையும் லேபிளோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். "இப்படி யாரும் கொடுத்ததில்லை டீச்சர், எனக்கும் இது நல்லதுதான்" என்றார். வியாழக்கிழமை கொண்டுவருகிறார். திரும்பியதும் கோவை சாரின் கோப்பை மறுபடி ஓட்டிவிட்டு இங்கே எழுதுகிறேன்.

கணினி டீச்சர் எழுதியது:

22 வந்துவிட்டது. எண்கள் எல்லாம் ஒத்துப்போகின்றன.